புகையை உள்ளே இழுப்பதில்லை என்பவர்களுக்கு

"நான் புகையை உள்ளே இழுப்பதில்லை டாக்டர், வாயில் வைத்து ருசி பார்த்துவிட்டு வெளியே விட்டுவிடுவேன்" என்னும் விளக்கத்தை இன்னும் ஒருமுறை கேட்டால் பொறுமை இழந்துவிடுவேனோ என்ற அச்சத்தில்தான், கும்பகோணத்தில் வாய்நோய் மருத்துவம் பார்க்கும் நான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். முன்பெல்லாம் இதைச் சொன்னவர்கள், உறையூர்ச் சுருட்டைக் கட்டாக வாங்கி மடியில் செருகிக்கொண்டு வயலுக்குப் போன பெரியவர்கள். இப்போது சொல்பவர்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்து விடுப்பில் ஊர் திரும்பும் இளைஞர்கள். அவர்கள் கொண்டுவரும் மரப்பெட்டியில் குட்டையான, தடித்த, கரும்பழுப்பு மேலிலை சுற்றிய சுருட்டுகள் வரிசையாக இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒருவருக்கு நாக்கின் ஓரத்தில் மாதக்கணக்காக ஆறாமல் இருந்த புண், உடல் உஷ்ணம் என்று சொல்லி மணத்தக்காளிக் கீரையும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் கொடுத்துப் பார்த்த புண், சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று சென்ற வாரம் உறுதியாகியிருக்கிறது. அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அந்தச் சுருட்டில் ருசியே இல்லை என்று நான் வாதிடப் போவதில்லை. பொய் சொல்லி யாரையும் திருத்த முடியாது. ரொபஸ்டோ என்று வழங்கும் அந்த வடிவம் ஏறக்குறைய ஐந்து அங்குல நீளமும், அங்குலத்தை 64 பாகமாக்கினால் அதில் 50 பாகம் விட்டமும் உடையது. தடிமன் கூடுதலாக இருப்பதால் மெதுவாக எரிகிறது. பல வகை இலைகளைக் கலந்து உள்ளே அடக்கவும் இடம் கிடைக்கிறது. மேலே சுற்றும் கருநிற இலையை மடூரோ என்கிறார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியிலும் மெக்சிகோவின் சான் ஆண்ட்ரெஸ் பள்ளத்தாக்கிலும் விளையும் தடித்த இலைகள் இதற்குப் பேர்போனவை. காற்றில் உலர்த்திய இலைகளை ஈரப்பதத்தோடு உயரமாகக் குவித்து வைக்கிறார்கள். அறுவடை நாளில் மழை பிடித்துக்கொள்ள, ஈரநெல்லை அம்பாரமாகக் குவித்துவிட்டு மறுநாள் அதற்குள் கையை விட்டுப் பார்த்த நம் ஊர்க்காரருக்கு, அந்த இலைக் குவியலுக்குள் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சூடு ஐம்பது டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிரித்துப் புரட்டி மறுபடியும் குவிப்பார்கள். மாதக்கணக்கில் இப்படிப் புழுங்கும்போது நெடியடிக்கும் அம்மோனியா வெளியேறி, இலை கறுத்து, கோக்கோ, வறுத்த காப்பிக்கொட்டை, உலர்ந்த திராட்சை, கருப்பட்டிப் பாகு ஆகியவற்றை நினைவூட்டும் மணம் சேர்கிறது. (மலிவுச் சரக்கில் ஆவியில் வேகவைத்தோ சாயமேற்றியோ கறுப்பாக்குவதும் உண்டு. நிறத்துக்கு விலை கொடுப்பவர்கள் அதையும் வாங்குகிறார்கள்.)

இதே பதப்படுத்தலின்போதுதான் இலையிலுள்ள நிக்கோட்டினிலிருந்தும் அதன் உறவுப் பொருட்களிலிருந்தும் நைட்ரோசமின்கள் என்னும் வேதிப்பொருட்கள் உண்டாகின்றன. புகையிலைக்கே உரிய இந்த நைட்ரோசமின்களில் இரண்டை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்னும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. சுருட்டுப் புகையில் இவை சிகரெட் புகையில் இருப்பதைவிடக் கூடுதல். கறுப்பு இலை நன்றாகப் பக்குவப்பட்டது, அதனால் மென்மையானது என்று விற்பவர் சொல்வது நாக்கின் ருசியைப் பொறுத்தவரை சரிதான். அந்த மென்மையால் நேரும் ஒரே காரியம், எரிச்சல் தெரியாததால் புகையைக் கூடுதல் நேரம் வாயில் தேக்கி வைத்திருப்பது.

இப்போது 'உள்ளே இழுப்பதில்லை' என்னும் அந்த வாதத்துக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகச் சொல்வதற்குப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் படித்தவர்கள்தான் இதை உறுதியாக நம்புகிறார்கள். சிகரெட் புகை சற்று அமிலத்தன்மை உடையது. அந்தப் புகையிலுள்ள நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாக அதிகம் உட்புகாது. ஆகவே சிகரெட் பிடிப்பவர் நுரையீரல் வரை இழுத்தால்தான் அவர் தேடுவது கிடைக்கும். சுருட்டுக்கான இலை வேறு முறையில் உலர்ந்து புளித்தது. அதன் புகை காரத்தன்மை உடையது (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை). காரத்தன்மையுள்ள புகையில் நிக்கோட்டின், வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும் வடிவத்தில் இருக்கிறது. சுருட்டுக்காரர் உள்ளே இழுக்காததற்குக் காரணம் அவருடைய கட்டுப்பாடு என்று அவர் நினைக்கிறார். உண்மையில் இழுக்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை.

இந்த வேதியியலை வெற்றிலைக் கொடிக்கால் சூழ்ந்த இந்த ஊரில் நான் விளக்க வேண்டியிருப்பதுதான் வியப்பு. புகையிலையைக் கன்னத்தில் அடக்கும் பாட்டி எந்தப் புகையை உள்ளே இழுக்கிறார்? அவருக்கு எப்படி 'ஏறுகிறது'? சுண்ணாம்பு குறைந்தால் ஏறாது என்று அவருக்கு அனுபவத்திலேயே தெரியும், ஏனெனில் சுண்ணாம்பு செய்வதும் அதே காரத்தன்மை வேலைதான். புகைப்பழக்கத்தை விடுவதற்கு நாங்கள் எழுதிக்கொடுக்கும் நிக்கோட்டின் சூயிங்கமும் வாயின் தோல் வழியாகத்தான் வேலை செய்கிறது. வாய் என்பது எதையும் உட்கொள்ளாத வெறும் வாசற்படி என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் யோசித்துப் பார்க்கட்டும்.

வெளியே விட்டுவிட்டதாகச் சொல்லும் புகையும் முழுவதாக வெளியே போவதில்லை. அதிலுள்ளவை எச்சிலில் கரைகின்றன. எச்சில் நாக்கின் அடியிலும் இரு ஓரங்களிலும் தேங்கி, தொண்டை வழியாக உணவுக்குழாயில் இறங்குகிறது. நாக்கின் ஓரமும் வாயின் தரைப்பகுதியும் புற்றுநோய் எளிதில் வரும் இடங்களாக இருப்பதைத் தற்செயல் என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். நுரையீரல் புற்றுநோய் அபாயம் சிகரெட் பிடிப்பவரைவிடச் சுருட்டுக்காரருக்குக் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். புகைக்காதவரைவிட அதிகம் என்பதையும், சிகரெட்டிலிருந்து சுருட்டுக்கு மாறியவர்கள் பழக்க தோஷத்தில் உள்ளேயும் இழுத்துவிடுகிறார்கள் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். வாய்ப் புற்றுநோயிலும் உணவுக்குழாய்ப் புற்றுநோயிலும் இருவருக்கும் அபாயம் ஏறக்குறைய ஒன்றே என்று அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் சுருட்டைப் பற்றி 1998 இல் வெளியிட்ட தொகுப்பு தெளிவாகவே கூறியது.

"ஒரு நாளைக்கு ஒன்றுதானே" என்பார்கள். சிகரெட் ஒன்றில் ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலை இருக்கிறது. பெரிய சுருட்டு ஒன்றிலோ ஒரு பெட்டி சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். அதைப் பிடித்து முடிக்க முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகிறது. அந்த நேரம் முழுவதும் திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேரக்குழந்தையும் அதைச் சுவாசிக்கிறது. பக்கத்தில் ஒரு கோப்பை விஸ்கியும் இருந்தால் வாய்க்கு அபாயம் பலமடங்காகும்.

காகிதம் இல்லை, ரசாயனம் இல்லை, முழுக்க இயற்கையான இலை என்ற வாதத்துக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். அரளி விதையும் இயற்கைதான்.

சர்ச்சிலை மட்டும் விட முடியவில்லை. திருச்சிச் சுருட்டைப் பிடித்துக்கொண்டு 90 வயது வாழ்ந்தாரே என்று உறையூர் பக்கத்திலிருந்து வருபவர் ஒவ்வொருவரும் பெருமையோடு கேட்கிறார்கள். சுருட்டில்லாமல் எழுத முடியாது என்று நம்பிய சிக்மண்ட் ஃபிராய்டை யாரும் கேட்பதில்லை. உளப்பகுப்பாய்வை உருவாக்கிய அவர் மருத்துவர். 1923 இல் அவருடைய மேல்தாடையில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1939 இல் இறக்கும் வரை முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைத் தாங்கினார். வாய்க்கும் மூக்குக்கும் நடுவே வெட்டி எடுத்த இடத்தை அடைக்க ஒரு செயற்கைத் தகட்டை மாட்டிக்கொண்டே பேசினார், சாப்பிட்டார், சுருட்டும் பிடித்தார். அத்தகைய தகடுகளை நாங்கள் இன்றும் செய்து கொடுக்கிறோம். அதைக் கழற்றிவிட்டால் குடித்த காப்பி மூக்கு வழியாக வரும், பேச்சு யாருக்கும் புரியாது. அளவெடுக்க உட்காரும் நோயாளியிடம் சர்ச்சிலைப் பற்றி நான் பேசுவதில்லை.

சாமிக்கு வைக்கும் சுருட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முனீஸ்வரனுக்கும் கருப்பசாமிக்கும் படையலில் சுருட்டு வைப்பது நம் பகுதி வழக்கம்; அதில் குறுக்கிட எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. புகையிலைச் செடி இந்த நாட்டுக்கு வந்ததே போர்த்துகீசியர் வருகைக்குப் பிறகுதான் என்பதையும், காவல் தெய்வங்கள் அதற்கு முன்பும் காவல் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கும் என்பதையும் மட்டும் பணிவோடு நினைவூட்டுகிறேன். படைத்ததை இளவட்டங்களுக்குப் பிரசாதமாகப் பங்கிட வேண்டாம். அருள் வந்து ஆடும் பூசாரி ஐயாக்கள், திருவிழா முடிந்ததும் ஒருமுறை வந்து வாயைக் காட்டிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சுருட்டுக்காரர் வாயைத் திறந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது மேலண்ணம். அது சாம்பல் கலந்த வெள்ளையாகத் தடித்து, நடுவே சிவப்புப் புள்ளிகளோடு இருக்கும். அந்தப் புள்ளிகள் சூட்டில் வீங்கிய சிற்றெச்சில் சுரப்பிகளின் வாய்கள். மேல்தாடையில் பல்செட் போட்டவருக்குச் செட் மூடியிருந்த இடம் இளஞ்சிவப்பாகவும், மூடாத இடம் வெளுத்தும் இருப்பதைப் பார்த்தால் எது எதனால் வந்தது என்று விளக்க வேண்டிய வேலையே மிச்சமாகிறது. இந்த மாற்றம் புற்றுநோய் இல்லை. பழக்கத்தை விட்டால் பெரும்பாலும் சில வாரங்களில் மறையும். ஆந்திராவின் கடற்கரை மாவட்டங்களில் எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் சுட்டா என்னும் நாட்டுச் சுருட்டைப் பிடிப்பவர்களிடம் கதை வேறு: அங்கே அண்ணத்திலேயே புற்றுநோய் வருகிறது. காற்று அணைக்காமலிருக்க நம் கடலோரத்தில் யாரேனும் அப்படிப் பிடித்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

மாதத்துக்கு ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். பல்செட்டைக் கழற்றுங்கள். நாக்கை வெளியே நீட்டி இரு ஓரங்களையும், மேலே தூக்கி அடிப்பகுதியையும் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், அதைவிட முக்கியமாக வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், காரணமில்லாத காதுவலி, கழுத்தில் கட்டி, இவற்றில் எது இருந்தாலும் கீரையைத் தேடிப் போகாமல் பல் மருத்துவரிடம் வாருங்கள். வலி இல்லையே என்று சும்மா இருக்காதீர்கள், தொடக்கத்தில் வலிக்காது. சதை எடுத்துப் பார்த்தால் நோய் பரவிவிடும் என்று சொல்லும் உறவினரை அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். சதை எடுப்பதால் பரவுவதில்லை, எடுக்காமல் கடத்தும் மாதங்களில்தான் பரவுகிறது. செலவுக்கு அஞ்ச வேண்டாம்; முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும்.

விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்னும் தேசியக் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். முதல் வாரம் எரிச்சல் வரும், தூக்கம் கெடும், வீட்டிலுள்ளவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். 2016 ஆம் ஆண்டின் விதிகள் 25 சுருட்டு வரை தீர்வையின்றிக் கொண்டுவர இடம் கொடுத்தன என்பதற்காக மாமனாருக்கு அந்த மரப்பெட்டியை வாங்கி வராதீர்கள். பேரீச்சம்பழம் வாங்கி வாருங்கள். பல்லில் ஒட்டத்தான் செய்யும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.