சிங்கவால் குரங்கைப் பார்க்க வேண்டுமா? வெடிப்பலாவைத் தேடுங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பார்க்க ஆசைப்படுவது சிங்கவால் குரங்கைத்தான். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத, அழியும் ஆபத்தில் இருக்கும் விலங்கு அது. முக்காலி என்ற ஊரில் ஜீப் ஏறி, பூங்காவுக்குள் இருக்கும் சைரந்திரி போய்ச் சேரும்வரை எல்லோருடைய கண்களும் கிளைகளில் கறுப்பு உருவத்தைத் தேடும். முதலில் மரத்தைத் தேடுங்கள் என்பேன். குரங்கு எங்கே இருக்கும் என்பதைப் பெரும்பாலும் மரம்தான் தீர்மானிக்கிறது.

அந்த மரம் வெடிப்பலா. முள்நாறி (துரியன்) பழ மரத்தின் உறவு. இலையின் அடிப்புறம் செம்பும் வெள்ளியும் கலந்த நிறத்தில் மினுங்கும். காற்றடித்து இலைகள் புரளும்போது தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். பூவோ வேறு விதம். இதழ்களே கிடையாது. பூவின் வெளியுறையான, சதைப்பற்றுள்ள புல்லிவட்டம் மட்டும் குழல்போல் இருக்கும். நுனிக் கொம்பில் பூக்காமல், தடித்த கிளைகளின்மேல் கொத்துக்கொத்தாக அப்பிக்கொண்டு பூக்கும். கனமான குரங்கு வசதியாக உட்கார்ந்து தின்ன ஏற்ற இடம்.

இந்தப் பூவின் அருமை அது பூக்கும் காலத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து, மேற்குச் சரிவில் மாதக்கணக்கில் மழையைக் கொட்டுகிறது. காடு ஆண்டு முழுவதும் பச்சையாக இருப்பதற்கு அதுதான் காரணம். ஆனால் பச்சையாக இருக்கும் காட்டில் எப்போதும் பழம் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆண்டின் தொடக்கத்தில் வரும் வறண்ட மாதங்களில் சதைப்பற்றுள்ள பழங்கள் அரிதாகிவிடும். அப்போதுதான் வெடிப்பலா பூக்கிறது. பகலில் சிங்கவால் குரங்கும் மலையணிலும், இரவில் மரநாயும் வௌவாலும் இதை நாடி வருகின்றன.

இவ்வளவு பேர் தின்றால் மரம் எப்படிக் காய்க்கும்? தின்ன வருகிறவர்கள்தான் மகரந்தத்தையும் சுமக்கிறார்கள். பூவுக்குள் முகத்தை நுழைக்கும் விலங்கின் மயிரில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகிறது. ஏராளமான பூக்கள் பாழாகத்தான் செய்கின்றன. ஆனால் மரம் பூப்பதும் ஏராளம். சிறு பங்கு காயானாலே போதும். பிறகு முள் நிறைந்த காய் வந்தால், குரங்கு அதையும் பிய்த்து விதையைத் தின்னும். அந்த விதத்தில் அது மரத்துக்கு நண்பன் மட்டும் அல்ல.

சிங்கவால் குரங்கு நாளின் பெரும்பகுதியை மரத்தின்மேலேயே கழிக்கிறது. தரையிறங்காமல் ஒரு வெடிப்பலாவிலிருந்து இன்னொன்றுக்குப் போக, கிளைகள் தொடுத்தாற்போல் இருக்க வேண்டும். காட்டின் நடுவே ஒரு சாலை வந்தாலே வழி அறுந்துவிடும். வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டுகளாக மிஞ்சிய சோலைகளில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். அங்கே குரங்குகள் சாலையில் இறங்கி நடக்கின்றன, வண்டிகளில் அடிபடுகின்றன. அவற்றுக்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். முதல் குட்டி ஈனவே சுமார் ஆறு வயது ஆகும் விலங்கு இது; ஒரு பெண் குரங்கு அடிபட்டுச் செத்தால் அந்த இழப்பை ஈடுகட்டக் கூட்டத்துக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

ஓர் அணை வந்திருந்தால் அமைதிப் பள்ளத்தாக்கிலும் காடு இப்படி அறுந்திருக்கும். குந்திப்புழையின் குறுக்கே நீர்மின் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் அறிவியலாளர்களும் பல ஆண்டுகள் போராடினார்கள். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது, 1984இல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. அந்தப் போராட்டத்தின் அடையாளமாகவே சிங்கவால் குரங்கு மக்கள் மனத்தில் பதிந்தது. வெடிப்பலாவின் பெயரும் அதோடு சேர்ந்து பதிந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

நீங்கள் போகும்போது மரம் பூத்திருந்தால், நடக்கும் வழியில் தரையைக் கவனியுங்கள். கடித்துத் துப்பிய பூக்குழல்கள் வாடாமல் சிதறிக் கிடந்தால் கூட்டம் பக்கத்தில்தான் இருக்கிறது. பேச்சை நிறுத்திவிட்டு, வழிகாட்டியின் அருகில் நின்றபடியே, தடித்த கிளைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.