பச்சை பூத்திருந்தால் பழைய சிலை ஆகிவிடாது

மறுபடியும் ஒரு நடராசர் சிலை என் மேசைக்கு வந்தது. கும்பகோணம் பக்கம் நவக்கிரகக் கோயில்களுக்குப் போன ஒரு குடும்பம் திரும்பும் வழியில் வாங்கியது. கடைக்காரர் உள்ளறைக்கு அழைத்துப் போய், கோணியில் சுற்றியிருந்ததைப் பிரித்துக் காட்டி, "இருநூறு வருடத்துச் சிலை, வீடு கட்டத் தோண்டும்போது கிடைத்தது, வெளியே சொல்லாதீர்கள்" என்றிருக்கிறார். ரசீது கிடையாது. மேசையில் வைத்து ஈரப் பஞ்சால் பீடத்தை ஒரு முறை துடைத்தேன். பஞ்சு முழுக்கப் பச்சை. துடைத்த இடத்தில் அரம் போட்ட கோடுகள் புத்தம் புதிதாக மின்னின. சிலையைச் சுற்றி வளைந்திருக்கும் திருவாசியின் ஓரத்தில், அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த விளிம்பைக்கூட யாரும் சரியாகத் தேய்த்திருக்கவில்லை.

உலோகப் பழம்பொருட்களைப் பாதுகாக்கும் வேதியியல் என் தொழில். ஊருக்குப் போனால் அந்த ஊர்ப் பொருள் ஒன்றை வாங்கி வருவது நல்ல பழக்கம். ஆனால் "பழசாக இருந்தால்தான் மதிப்பு" என்ற எண்ணம் அந்த நல்ல பழக்கத்தைக் கெடுக்கிறது.

பச்சை நிறம் சிலையின் வயதைச் சொல்லாது. செம்பு கலந்த உலோகம் எந்தச் சூழலில் இருந்தது என்பதைத்தான் சொல்லும். மண்ணுக்குள் ஈரத்தோடும் உப்போடும் கிடந்தால் பச்சை பூக்கும். கோயிலில் தலைமுறை தலைமுறையாக எண்ணெய்க்காப்பும் அபிஷேகமும் கண்டு, துடைத்துத் துடைத்துப் பூஜையில் இருந்த திருமேனி அப்படிப் பூப்பதில்லை. மூக்கும் தோளும் மழுங்கி வழவழவென்று, பழுப்போ கருமையோ ஏறியிருக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தை ஒரு மணி நேரம் சுற்றிப் பாருங்கள். எல்லாச் சிலைகளும் ஒரே பச்சையாக இல்லை என்பது தெரிந்துவிடும். 1930-லேயே வேதியியல் பாதுகாப்புக்கென்று தனி ஆய்வகம் தொடங்கிய அருங்காட்சியகம் அது.

புதுச் சிலையைப் பச்சையாக்குவது கடினமே இல்லை. நவச்சாரமோ உப்போ அமிலமோ தடவி ஈர மண்ணில் புதைத்தால் சில நாட்களில் பூத்துவிடும். இயற்கையாக வளர்ந்த பச்சைக்கு அடியில் செம்பழுப்பில் ஓர் ஆக்சைடு படலம் இருக்கும். இரண்டும் உலோகத்தோடு இறுகியிருக்கும். தடவிய பச்சையோ பளபளக்கும் உலோகத்தின் மேல் மாவு போல உட்கார்ந்திருக்கும். இதைப் படித்துவிட்டு வீட்டுச் சிலையைக் கத்தியால் சுரண்டாதீர்கள், தயவுசெய்து.

சட்டத்தையும் ஒரு நிமிடம் யோசியுங்கள். நூறு ஆண்டு கடந்த சிலை, 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். விற்பவருக்கு உரிமம் வேண்டும், சிலை பதிவாகியிருக்க வேண்டும், தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மண்ணில் கிடைத்தது என்றால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். ஆக, கடைக்காரர் சொன்னது உண்மையென்றால் நீங்கள் வாங்கியது ஏதோ ஒரு கோயிலின் சொத்தாகவே இருக்கலாம். பொய்யென்றால் ஏமாந்தீர்கள். இதில் எது நடந்தால் உங்களுக்குச் சந்தோஷம்?

என்னை அதிகம் கலங்கவைப்பது வேறொன்று. இந்தச் சிலைகளுக்குப் பாலும் தயிரும் எலுமிச்சைச் சாறும் அபிஷேகம் செய்து, அதைத் தீர்த்தமாகக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். அந்தப் பச்சை, செம்பு உப்பு. புளிப்பில் நன்றாகவே கரையும். குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் வரலாம். உலோகக் கலவையில் ஈயமும் இருக்கலாம். பச்சை உதிரும் சிலைக்கு அபிஷேகம் வேண்டவே வேண்டாம். பூ வைத்துக் கும்பிடுங்கள், போதும்.

அப்படியானால் எதை வாங்குவது? அதே கும்பகோணத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி சுவாமிமலை இருக்கிறது. ஸ்தபதிகளின் பட்டறைக்கே போங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில், விரல் நுனியும் சூடான கரண்டியுமாக முதலில் உருவம் எழும். தென்னை ஓலைக் கீற்றை மடித்து மடித்து அளவு பார்ப்பார்கள். அதன் மேல் காவிரி வண்டலை மெல்லிதாகப் பூசி, காய்ந்ததும் அடுத்த பூச்சு. மொத்தமாகக் கம்பி கட்டி, வறட்டித் தீயில் காட்டினால் மெழுகு உருகி வழிந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அந்த அச்சு இனி இல்லை. அதனால் அடுத்த சிலை இதுபோலவே இருக்காது. பிறகு உளி வேலை நாள் கணக்கில் நடக்கும். நகத்தின் வளைவையும் அணிகளின் நெளிவையும் கடைந்தவர் உங்கள் முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். அவரிடம் பேரம் பேசிப் பாதி விலைக்குக் கேட்பவர்கள், கோணியில் சுற்றிய பொய்க்குக் கேட்ட விலையைக் கொடுக்கிறார்கள். எனக்கு ஆறவே இல்லை.

பஞ்சலோகத்தில் தங்கம் எவ்வளவு என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். பெரும்பங்கு செம்பு, கூடவே பித்தளை, சிறிது ஈயம். தங்கமும் வெள்ளியும் பெயருக்குத்தான். விலை உழைப்புக்கு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தஞ்சாவூர் ஓவியத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். சுண்ணப் பசையில் எழுப்பிய மேடு தெரிய வேண்டும். அச்சடித்த படத்தில் கல் ஒட்டியும் விற்கிறார்கள். வாங்கியபின் ஈரத்துணி படவே கூடாது. தலையாட்டி பொம்மையில் பிளாஸ்டிக் வேண்டாம். காகிதக்கூழிலும் மண்ணிலும் செய்தது கேளுங்கள். பத்தமடைப் பாய் கோரையா, பிளாஸ்டிக் இழையா என்பதை மடித்துப் பார்த்தாலே கை சொல்லிவிடும். கடை வாசலில் புவிசார் குறியீடு என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். செய்தவர் யார், எந்த ஊர் என்று கேளுங்கள். தமிழக அரசின் பூம்புகார் கைவினைப்பொருள் விற்பனை நிலையமானாலும் பட்டறையானாலும் ரசீது வாங்குங்கள். பொருள், உலோகம், எடை, தேதி அதில் இருக்கட்டும். "புதியது" என்றும் எழுதச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சிலை எடுத்துப் போகிறவர்கள், இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கிளம்பும் நாளில் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியோடு வாதாடிப் பயனில்லை. ரசீது இருந்தால் சான்றிதழ் வாங்குவதும் எளிது.

ஏற்கெனவே பச்சைச் சிலை வாங்கி வைத்திருக்கிறீர்களா? புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தடவிய உப்பு உள்ளே இருந்தால், கடலோர ஈரக்காற்றில் அரிப்பு தொடரும். உலர்ந்த இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தொட்டால் கை கழுவுங்கள். உண்மையிலேயே பழையதோ என்ற சந்தேகம் இருந்தால் யாருக்கும் விற்காமல், தொல்லியல் அலுவலகத்தில் எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள்.