ஜேம்ஸ்டவுன்காரர்கள் குடித்த தண்ணீர்

வட அமெரிக்காவில் ஆங்கிலேயர்களின் குடியிருப்புகளில் முதன்முதலாக நிலைத்து நின்றது ஜேம்ஸ்டவுன்தான். 1607 மே மாதம் மூன்று கப்பல்களில் வந்து, இன்றைய வர்ஜீனியாவில், ஜேம்ஸ் ஆற்றங்கரையில் இறங்கியவர்கள் ஆண்களும் சிறுவர்களுமாகச் சுமார் 104 பேர். செப்டம்பர் முடிவதற்குள் ஏறக்குறையப் பாதிப் பேர் செத்துப்போனார்கள். ஏன் என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில், வந்தவர்களில் நிறைய பேர் வேலை செய்து பழகாத கனவான்கள், தங்கம் தேடி அலைந்தார்கள், பயிர் வைக்காமல் பட்டினி கிடந்தார்கள் என்பது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் குடித்த தண்ணீரைப் பற்றிப் பேசாமல் பழி முழுவதையும் சோம்பேறித்தனத்தின் மேல் போடுவது நியாயமே இல்லை.

அங்கே இருந்து உயிர் பிழைத்த ஜார்ஜ் பெர்சி எழுதி வைத்திருக்கிறார்: ஆற்றிலிருந்து எடுத்துக் குடித்த தண்ணீர், ஓதம் (கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது) ஏறும்போது ஒரே உப்பு, இறங்கும்போது சேறும் அழுக்கும், எங்கள் ஆட்கள் பலரை அழித்தது அதுதான் என்று. வீக்கம், வயிற்றுப்போக்கு, உடலை எரிக்கும் காய்ச்சல் என்று நோய்களையும் சொல்கிறார்.

கடலிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கும் ஓர் இடத்தில் ஆறு எப்படி உப்பாகும்? கடல்நீர் நன்னீரைவிடக் கனமானது. அதனால் ஓதம் ஏறும்போது அது ஆற்றின் அடிப்பகுதி வழியாக மேல்நோக்கி நுழையும், மேலே நன்னீர் கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும், இரண்டும் கலக்கும் எல்லை எங்கே நிற்கும் என்பதை ஆற்றில் வரும் நீரின் அளவுதான் தீர்மானிக்கும். வசந்தத்தில் ஆறு நிறைய ஓடுவதால் எல்லை கீழே தள்ளப்பட்டிருக்கும். கோடையில் வரத்து குறைந்ததும் அது மேலேறி ஜேம்ஸ்டவுனையே வந்து தொடும். வந்தவர்கள் இறங்கியது மே மாதம். ஜூலை, ஆகஸ்டில் இதே ஆறு எப்படி மாறும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

உப்பைவிட மோசமான இன்னொன்றும் உண்டு. அந்த எல்லையில் மேலே வரும் அடி நீரோட்டமும் கீழே போகும் ஆற்று நீரும் சந்திப்பதால் வண்டல் எளிதில் கடலுக்குப் போகாது, ஓதத்தோடு முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். கோட்டையிலிருந்து ஆற்றில் கலந்த மலக்கழிவுக்கும் அதே கதிதான். காலையில் போனது மாலையில் திரும்பி வரும், அதையே மொண்டு குடிப்பார்கள். டைஃபாய்டும் சீதபேதியும் பரவ இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. 1970களில் கார்வில் ஏர்ல் என்ற புவியியலாளர் இந்த விளக்கத்தை முன்வைத்தார். பெர்சி சொன்ன வீக்கமும் சோர்வும் உவர்நீரைத் தொடர்ந்து குடித்ததால் வந்திருக்கலாம் என்றும் அவர் வாதிட்டார்.

சரி, அந்த ஆண்டுகளில் ஆறு உண்மையிலேயே அவ்வளவு வற்றியிருந்ததா? இதற்குப் பதில் மரங்களில் இருந்தது. அந்த வட்டாரச் சதுப்பு நிலங்களில் சைப்ரஸ் மரங்கள் பல நூறு ஆண்டுகள் நிற்கின்றன. உள்ளே குழாய் போல் இருக்கும் ஒரு துளைக்கருவியைத் திருகி, மரத்தை வெட்டாமலேயே, பென்சிலைவிட மெல்லிய ஒரு குச்சியை வெளியே எடுக்கலாம். அதில் ஆண்டுக்கு ஒரு வளையம் வரிசையாகத் தெரியும், மழை நன்றாகப் பெய்த ஆண்டில் அகலமாக, வறண்ட ஆண்டில் மயிரிழை போல. மர வளைய ஆய்வாளர் டேவிட் ஸ்டால் குழுவினர் இந்த வளையங்களை ஆண்டு வாரியாகப் பொருத்திப் பார்த்து 1998இல் வெளியிட்ட முடிவு: 1606 முதல் 1612 வரையிலான ஏழு ஆண்டுகள், 770 ஆண்டுகளிலேயே மிக வறண்ட ஏழு ஆண்டுகள். இவர்கள் வந்து இறங்கியதே அதன் இரண்டாம் ஆண்டில்தான்!

கோட்டைக்குள் தோண்டிய கிணறும் கைகொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் அது குப்பைக்குழி ஆனது, தின்று எறிந்த சிப்பிகளும் அதற்குள் போயின. ஆற்றில் வளரும் சிப்பி தன் ஓட்டை அடுக்கடுக்காகக் கட்டும்போது சுற்றியுள்ள நீரின் ஆக்சிஜனையே எடுத்துக்கொள்ளும். கனமான ஆக்சிஜன்-18 கடல்நீரில் சற்று அதிகம், நன்னீரில் குறைவு. ஓட்டைச் சுரண்டி அளந்தால் அந்தச் சிப்பி வளர்ந்த தண்ணீர் எவ்வளவு உப்பாக இருந்தது என்று கணக்கிடலாம். 2010இல் வெளியான ஆய்வில் அப்படி அளந்தபோது, அன்றைய ஆறு இன்றையதைவிட வெகு உப்பாக இருந்தது தெரிந்தது. மரமும் சிப்பியும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சாட்சிகள், இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்வதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி.

வறட்சி அடித்தது வந்தவர்களை மட்டும் அல்ல. அங்கே காலங்காலமாக வாழ்ந்த பவ்ஹாட்டன் மக்களின் மக்காச்சோளமும் காய்ந்தது. அவர்களுக்கே போதாத தானியத்தை ஆங்கிலேயர்கள் கேட்டார்கள், கிடைக்காதபோது பறித்தார்கள், சண்டை மூண்டது. 1609-10 குளிர்காலத்தில் பவ்ஹாட்டன் வீரர்கள் கோட்டையை முற்றுகையிட, உள்ளே இருந்தவர்களில் சுமார் 60 பேரே மிஞ்சினார்கள். அந்தக் குளிர்காலத்தில் இறந்த, ஏறக்குறைய 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் மண்டை ஓட்டுத் துண்டுகள் 2012இல் கிடைத்தன. அதில் இருந்த வெட்டுக் காயங்கள், இறந்த பிறகு அவள் உடலை மற்றவர்கள் தின்றதைக் காட்டுகின்றன.

இத்தனைக்கும், அவர்களை அனுப்பிய வர்ஜீனியா கம்பெனி தாழ்வான, ஈரமான இடத்தில் குடியேறாதீர்கள், உடம்புக்கு ஆகாது என்று எழுத்திலேயே அறிவுறுத்தியிருந்தது. கப்பலைக் கரையோரம் வரை கொண்டுவரும் அளவுக்கு ஆழம் இருந்ததும், ஸ்பானியர்கள் வந்தால் தற்காத்துக்கொள்ள வசதியாக இருந்ததும்தான் அந்தத் தாழ்ந்த சதுப்புத் தீபகற்பத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கக் காரணம். 1611இல் ஒரு பகுதியினர் ஆற்றின் மேற்புறம், உப்பு எட்டாத ஹென்ரைகோவில் புதுக் குடியிருப்பு கட்டினார்கள். தலைநகர் மட்டும் 1699 வரை ஜேம்ஸ்டவுனிலேயே இருந்தது, அதற்கு முந்தைய ஆண்டு ஆட்சிமன்றக் கட்டடம் தீக்கிரையான பிறகுதான் மேட்டு நிலத்தில் இருக்கும் வில்லியம்ஸ்பர்க்குக்கு மாறியது.