டி டிரைவில் இருப்பது பேக்கப் அல்ல

சி டிரைவ் நிரம்பிச் சிவப்பாகிவிட்டது என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எதையாவது அழிச்சிட்டீங்களா?" என்பதுதான். பதற்றத்தில் குழந்தையின் படங்களை அழித்திருப்பார்கள். ஆனால் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது பல நேரம் அவர்களே மறந்துபோன பழைய பேக்கப்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததால், இங்கே குன்னூரிலும் பலர் 11-க்கு மாறினார்கள். மாறும்போது பழைய விண்டோஸ் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டரில் தங்கும். வழக்கமாக 10 நாளில் தானாகவே போய்விடும். போகாவிட்டால் செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய் நீக்குங்கள். அதன்பின் பழைய விண்டோஸுக்குத் திரும்ப முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஐஃபோனை ஐடியூன்ஸில் இணைப்பவர்கள் அதன் பிரிஃபரன்சஸில் டிவைசஸ் பகுதியையும் பாருங்கள். விற்றுவிட்ட ஃபோனின் பேக்கப்கூட அங்கே இருக்கும்.

இதெல்லாம் சுலபம். சிக்கல் வேறு இடத்தில்.

ஊட்டியில் கல்யாண ஆல்பம் போடும் ஒருவர், சி டிரைவில் இருந்த படங்களையெல்லாம் டி டிரைவிலும் காப்பி போட்டு வைத்திருந்தார். ஹார்டு டிஸ்க் போனது. "டி-யில பத்திரமா இருக்கும்ல, சார்?" என்றார். அவருடைய கம்ப்யூட்டரில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கில் பிரித்த இரண்டு பகுதிகள். பத்திரமாக வைத்ததாக நினைத்தவர் உண்மையில் இடத்தை இரட்டிப்பாகச் செலவழித்திருக்கிறார், அவ்வளவுதான். அப்படி ஒரே டிஸ்க்கில் கிடக்கும் நகல்களைத்தான் முதலில் வெளி டிஸ்க்குக்கு, அதாவது தனியாகச் சொருகும் டிஸ்க்குக்கு, மாற்ற வேண்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது எங்கள் தொழிலில் பழகிய கணக்கு.

வெளி டிஸ்க்கும் நிரம்பும். விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி, நாம் மாற்றாவிட்டால், மணிக்கு ஒருமுறை மாறிய ஃபைல்களைச் சேமிக்கும், எதையும் அழிக்காமல் வைத்திருக்கும். கன்ட்ரோல் பேனலில் அதன் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் 'க்ளீன் அப் வெர்ஷன்ஸ்' கொடுத்தால் பழைய பதிப்புகள் கழியும்.

கிளவுடில் கவனம் தேவை. மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் ஃபோல்டரில் ஒரு படத்தை டெலீட் செய்தால் கிளவுடிலும் அது போய்விடும். இடம் மட்டும் வேண்டுமென்றால் ரைட் கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுங்கள். ஆனால் அதன்பின் படம் கிளவுடில் மட்டும்தான் இருக்கும்; ஐப்பசி மழையில் மரம் விழுந்து இன்டர்நெட் கேபிள் அறுந்தால் அந்தப் படம் கைக்கு வராது. அதனால் கணக்குவழக்கு ஃபைல்களைக் கம்ப்யூட்டரிலேயே வைக்கச் சொல்கிறேன்.

நம் ஊர் ஈரம் வெளி டிஸ்க்குக்கும் ஆகாது. சிலிக்கா ஜெல் பையோடு இறுக்கமாக மூடும் டப்பாவில் வையுங்கள். உறைபனிக் காலத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்ததும் உடனே சொருகாதீர்கள். அறையின் சூட்டுக்கு அது வரட்டும். இல்லாவிட்டால் நீர் கோத்துக்கொள்ளும்.

பழையதை அழிப்பது கடைசி வேலை. வெளி டிஸ்க்கில் ஃபைல் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அங்கங்கே சில படங்களைத் திறந்து பாருங்கள். கணக்கு மென்பொருளான டேலியின் பேக்கப்பை நடப்பு டேட்டா மேலேயே ரீஸ்டோர் செய்தால் நடப்பு டேட்டா அழிந்துவிடும். வேறு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து, கடைசி வவுச்சரின் தேதி சரியாக இருந்தால் மட்டும் பழையதில் கை வையுங்கள்.