செறிவிழந்த யுரேனியம்

களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்தில் பல வீடுகளில் குவைத்தில் வேலை பார்த்தவரோ பட்டாளத்தில் இருந்தவரோ உண்டு. 1991 வளைகுடாப் போர் பற்றிப் பேச்சு வந்தால் 'டிப்ளீட்டட் யுரேனியம்' என்ற சொல்லும் கூடவே வரும். தமிழக-கேரள எல்லைக்கு இருபுறமும் அதை ஒருவகை அணுகுண்டு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அணுகுண்டு இல்லை.

'டிப்ளீட்' லத்தீனிலிருந்து வந்தது. நிரம்பியிருப்பதைக் காலியாக்குவது என்று பொருள். சரி, இங்கே எது காலியானது? இயற்கை யுரேனியத்தில் அணு உலைக்கு உதவும் யுரேனியம்-235 சுமார் 0.7 விழுக்காடுதான். அதைப் பிரித்துச் சேர்த்தால் செறிவூட்டிய யுரேனியம். பிரித்த பின் மிஞ்சுவதில் யுரேனியம்-235 0.2, 0.3 விழுக்காடுதான் இருக்கும். அந்த மிச்சம்தான் டிப்ளீட்டட் யுரேனியம். இதன் கதிரியக்கம் இயற்கை யுரேனியத்தின் கதிரியக்கத்தில் ஏறக்குறைய 60 விழுக்காடு; கன உலோகத்துக்கு உரிய நச்சு கொஞ்சமும் குறைவதில்லை.

ஈயத்தைவிட சுமார் 1.7 மடங்கு அடர்த்தி என்பதால் டாங்கியைத் துளைக்கும் குண்டுகளில் இதை வைக்கிறார்கள். மோதியதும் தீப்பற்றி நுண்தூளாகிறது. 1991 போரில் சுமார் 300 டன் சுடப்பட்டது. போர் முடிந்த பிறகும், அதே ஆண்டு ஜூலையில், குவைத்தின் டோஹா முகாமில் தீப்பிடித்து இத்தகைய குண்டுகள் எரிந்தன.

இதன் ஆல்பா கதிர் தோலைத் துளைக்காது. தூளை மூச்சில் இழுத்தாலோ துண்டு உடலில் தைத்தாலோதான் கவலை: முதலில் நுரையீரல், ரத்தத்தில் கலந்தால் சிறுநீரகம். துண்டுகள் உடலில் தங்கிய அமெரிக்கப் படைவீரர்களை 1990களிலிருந்து தொடர்ந்து பரிசோதிக்கிறார்கள். பல ஆண்டுகள் கழித்தும் சிறுநீரில் யுரேனியம் கூடுதலாகவே வருகிறது. பெரிய சிறுநீரகப் பாதிப்பு தெரியவில்லை. ஈராக்கின் பஸ்ராவில் புற்றுநோயும் பிறவிக் குறைபாடும் கூடியதாக மருத்துவர்கள் சொன்னார்கள்; யுரேனியம்தான் காரணம் என்று உறுதியாகவில்லை. ஆனால் எரிந்த டாங்கிமேல் ஏறி விளையாடிய பிள்ளைகளையும், இரும்பு பொறுக்கியவர்களையும் அந்தப் படைவீரர்களைப் போல யாரும் ஆண்டுக்கணக்கில் பரிசோதிக்கவில்லை. இது பெரிய அநியாயம்.

தமிழில் 'சக்தியிழந்த யுரேனியம்' என்று எழுதுவது தவறு. ஆபத்து போய்விட்டதாகத் தொனிக்கும். 'கழிவு யுரேனியம்' என்றால் உலையில் எரிந்த எரிபொருளோடு குழம்பும். 'செறிவூட்டிய' என்பது ஏற்கெனவே வழக்கில் இருப்பதால், அதற்கு எதிர்ச்சொல்லாகச் 'செறிவிழந்த யுரேனியம்' பொருந்தும். செய்தியில் முதல்முறை வரும்போது 'யுரேனியம்-235 பிரித்தெடுத்தபின் மிஞ்சியது' என்று ஒரு வரி சேர்த்துவிடலாம்.