கடற்கரைக்குப் போகும் முக்காலி: தெரிவும் பராமரிப்பும்

வெள்ளவத்தையில் கமராக்களையும் அவற்றின் துணைக்கருவிகளையும் திருத்திக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். கொழும்பில் படம் எடுப்பவர்களுக்குக் கடல் கூப்பிடு தூரத்திலேயே இருப்பதால், திருமணச் சோடிகளை அழைத்துக்கொண்டு காலி முகத்திடலுக்கும் கல்கிசைக்கும் போகிறவர்கள், மாலை வெளிச்சத்துக்காகப் பாறைகளில் காத்திருப்பவர்கள் என எல்லோருடைய முக்காலிகளும் ஏதோ ஒரு கட்டத்தில் என் மேசைக்கு வருகின்றன. நீட்டிய கால் உள்ளே போகவில்லை, பூட்டு இறுகிவிட்டது, தலைப்பகுதி கரகரக்கிறது என்பவையே வழக்கமான முறைப்பாடுகள். கமராவுக்கென்று உலர்பெட்டி வாங்கி வைத்திருக்கும் ஒருவர், அதே கமராவைத் தாங்கும் முக்காலியை நனைந்த பையோடு கதவுக்குப் பின்னால் சாத்தி வைக்கிறார். முறைப்பாடுகளில் பெரும்பாலானவை அந்தக் கதவுக்குப் பின்னால்தான் தொடங்குகின்றன.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. நீர் ஆவியாகிப் போனாலும் உப்பு தங்கிவிடும் என்பதை அறியாதவர் இல்லை; ஆனால் காய்ந்த உப்பால் இனித் தீங்கில்லை என்று பலர் நம்புகிறார்கள். சுற்றியுள்ள காற்றின் சார் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியதும், சாதாரண உப்பு காற்றிலுள்ள நீராவியை இழுத்துத் தானாகவே கரைந்துவிடும். கடலுப்போடு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு அதில் பாதி ஈரமே போதும். கொழும்பின் இரவுகளில் ஈரப்பதன் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேலேயே நிற்பதால், பகலில் வெண்பொடியாகத் தெரியும் உப்பு இரவில் மறுபடியும் உப்புநீராகி, மூட்டுகளின் இடுக்குகளுக்குள் இறங்கி, உலோகத்தை அரிக்கிறது. வறண்ட காலநிலையுள்ள நாடுகளில் இருப்பவர்கள் எழுதும் அறிவுரையைப் படித்துவிட்டு, வார இறுதியில் கழுவிக்கொள்ளலாம் என்று விடுவது இங்கே செல்லாது. கொழும்பின் கடலோர வீதியான மெரின் டிரைவ் ஓரம் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. யன்னல் கம்பிகளுக்கும் ஏசியின் வெளிப்பெட்டிக்கும் நேரும் கதியை அவர்கள் நாளும் பார்க்கிறார்கள். அத்தகைய வீடுகளில் வைக்கப்படும் முக்காலி, கடலில் ஒருமுறைகூட இறங்காமலேயே கறள் பிடிக்கும்.

திருமணப் படப்பிடிப்பாளர் ஒருவர் அண்மையில் கொண்டுவந்த காபன் ஃபைபர் முக்காலியைச் சொன்னால் உள்ளே நடப்பது விளங்கும். வெளிப்பார்வைக்கு அது புதிதுபோலவே இருந்தது. ஒரு காலின் துண்டுகளை நீட்டிய இடத்தில் இறுக்கும் திருகுப் பூட்டுகளில் கடைசியானது மட்டும் அசையவில்லை. இளஞ்சூடான நன்னீரில் ஓர் இரவு ஊறவிட்ட பிறகே வளையம் இளகிச் சுழன்றது. கழற்றிப் பார்த்தபோது, காலுக்கும் வளையத்துக்கும் நடுவே அரைவட்டமாகப் பொருந்தும் பிளாஸ்டிக் தகடுகளில் மணல் பருக்கைகள் புதைந்து, அரம்போல் மாறியிருந்தன. ஒவ்வொரு முறை காலை நீட்டி மடக்கியபோதும் அந்தப் பருக்கைகள் குழாயின் மேற்பரப்பை உழுத தடங்கள் நெடுக்காகத் தெரிந்தன. அலுமினிய மரையின் பள்ளங்கள் முழுவதும் சுண்ணாம்பைப் போன்ற வெள்ளைப் படிவு. அலுமினியம் அரிக்கப்பட்டு உருவாகும் இந்தப் படிவு, தான் உருவாகக் காரணமான உலோகத்தைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். அதனால்தான் பூட்டு உள்ளிருந்தே ஆப்பு வைத்ததுபோல் இறுகுகிறது. வெளியிலிருந்து எவ்வளவு பலத்தைப் பிரயோகித்தாலும் அது திறப்பதில்லை. பலம் கூடினால் குழாய்தான் நொறுங்கும்.

காபன் ஃபைபர் கறள் பிடிக்காது என்பதைக் கேள்விப்பட்டு, விலை கூடினாலும் பரவாயில்லையென்று அதை வாங்குகிறவர்கள் பலர். குழாய் கறள் பிடிக்காதென்பது உண்மை. ஆனால் அந்தக் குழாயின் இரு முனைகளிலும் ஒட்டப்பட்டிருப்பது பெரும்பாலும் அலுமினியம். மூன்று கால்களும் சேரும் மேற்பகுதி சிலவற்றில் மக்னீசியக் கலப்புலோக வார்ப்பு. மின்கடத்தும் இரு வேறு பொருள்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால், அவற்றில் இரசாயனத் தாக்கம் கூடியது வேகமாக அரிபடும். கப்பல்களின் நீர்மூழ்கிய பகுதியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவதே, அவை அரிபட்டு உருக்கைக் காக்கட்டும் என்பதற்காகத்தான். காபன், அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி மூன்றும் கூடிய முக்காலியில் அந்தப் பலி அலுமினியத்துக்கு வந்து சேர்கிறது. பசையும் மேற்பூச்சும் இடையில் இருக்கும் வரை ஆபத்துக் குறைவு. பூச்சு சுரண்டுப்பட்ட இடத்தில் வேலை தொடங்கிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் 304 என்ற வகையைவிட, மொலிப்டினம் சேர்ந்த 316 வகையே கடலுக்குத் தாக்குப்பிடிக்கும். ஆனால் எந்த வகையைப் பாவித்திருக்கிறார்கள் என்பதை எல்லாத் தயாரிப்பாளர்களும் குறிப்பிடுவதில்லை.

ஆகவே பொருளை வைத்துத் தெரிவு செய்வதைவிட, கழற்றிக் கழுவக்கூடியதா என்பதை வைத்துத் தெரிவு செய்யுங்கள் என்பதே என்னிடம் ஆலோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது. கடைக்காரரின் அனுமதியோடு, ஸ்பேனர் எதுவும் இல்லாமல் கையாலேயே கடைசிப் பூட்டைக் கழற்றிக் காலை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். திருகுப் பூட்டுள்ள முக்காலிகளில் நல்லவை இரண்டு நிமிடத்தில் கழன்று, அதே நேரத்தில் பொருந்திவிடும். உள்ளே றப்பர் வளையம் வைத்து நீரைத் தடுக்கும் வகைகளும் உண்டு. அவை நீரைத் தடுக்கும் காலம் அந்த றப்பர் நலமாக இருக்கும் காலம்தான். நெம்பித் திறக்கும் கிளிப் பூட்டுகள் பார்வைக்கு அவ்வளவு நேர்த்தியாக இராவிட்டாலும், பிளவு வெளியே தெரிவதால் மணலைக் கழுவுவது எளிது. அவற்றில் கறள் பிடிப்பது இறுக்கும் போல்ட் மட்டுமே, அதை ஹாட்வெயார் கடையில் மாற்றிக்கொள்ளலாம். கழற்றவே முடியாதபடி அடைத்துச் செய்யப்பட்ட மலிவான முக்காலியைக் கடலுக்குக் கொண்டுபோவதானால், அதை ஒரு பருவத்தோடு கைகழுவத் தயாராக இருக்க வேண்டும்.

எத்தனை கிலோ தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதை அளப்பதற்கு எல்லாத் தயாரிப்பாளரும் பின்பற்றும் பொதுவான முறையொன்று இல்லை. கடற்காற்றில் உங்களுக்குத் தேவைப்படுவது கடைசித் துண்டின் தடிப்பு. ஐந்து துண்டாக மடங்கும் பயண முக்காலியின் கடைசிக் கால் பென்சில் அளவுக்கு ஒடுங்கியிருக்கும். மூன்று துண்டு முக்காலி அவ்வாறு ஒடுங்குவதில்லை, மணல் புகக்கூடிய மூட்டுகளும் அதில் குறைவு. நடுத்தண்டைக் கழற்றக்கூடியதாக இருந்தால் நல்லது, கடற்கரையில் அதை உயர்த்தும் அவசியம் வருவதே அரிது. பாதங்களைப் பொறுத்தவரை, றப்பர்ப் பாதத்தைக் கழற்றிக் கூர்முனை பூட்டும் வசதி பாசி படிந்த கல்லில் உதவும். நில அளவையாளர்கள் பாவித்துவந்த மரக்கால்களின் கீழே இரும்பு முனையும், சப்பாத்தால் மிதித்து இறக்க ஒரு படியும் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். முக்காலியை நிலத்தில் ஊன்றுவது பற்றி அவர்களைவிட யாரும் அதிகம் யோசித்திருக்க மாட்டார்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை கடலுக்கும் நகரத்துக்கும் நடுவே புகையிரதப் பாதை ஓடுகிறது. அதற்கப்பால் அலையரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள். அந்தக் கற்களில் மூன்று கால்களும் மூன்று உயரத்தில் நிற்கும் என்பதால், ஒரு காலையாவது கடல் பக்கமாக நீட்டி ஊன்ற வேண்டும். ஒளியைப் பத்து ஸ்டொப், அதாவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என்.டி. பில்டர் என்ற கருங்கண்ணாடியை லென்ஸில் போட்டால் 1/30 செக்கனில் எடுக்க வேண்டிய படத்துக்கு ஏறக்குறைய 34 செக்கன் தேவைப்படும். அதற்கிடையில் ரயில் ஒன்று கடந்துபோனால் அதிர்வு படத்தில் தெரியும். தண்டவாளத்தையே நடைபாதையாக்கிப் பொருள்களைப் பரப்பி வைப்பவர்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, அது முக்காலியைவிடப் பெரிய விடயம். கல்கிசை மணலில் வேறு சிக்கல். திரும்பிப் போகும் ஒவ்வோர் அலையும் பாதத்தின் கீழிருந்து மணலை அரித்துச் செல்வதால் முக்காலி மெல்லப் புதையும். முதலிலேயே கால்களை அழுத்தி இறக்கிவிட வேண்டும். அப்படி இறக்கும்போது கால்கள் வெளிப்புறமாக விரிய முனையும். அவற்றை முழுக் கோணத்துக்கு விரித்துவிட்டு அழுத்தினால் மேல் வார்ப்பு வெடிக்கும், சற்று ஒடுக்கி வைத்து அழுத்தினால் விரிவதற்கு இடம் இருக்கும்.

நீருக்குள் வைப்பதானால், வழக்கத்துக்கு மாறாகக் கடைசித் துண்டை முதலில் முழுவதும் நீட்டுங்கள். கடைசிப் பூட்டு நீர்மட்டத்துக்கு மேலே நின்றுவிடும். கொழும்பில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரை எட்டாது என்ற தைரியத்தில் முக்காலியை விட்டுவிட்டுத் தள்ளி நிற்பவர்கள், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசும் சோழகக் காலத்தில் அந்தப் பழக்கத்தை விட வேண்டும். அந்த மாதங்களில் காலி முகத்திடலின் நடைபாதைச் சுவரில் மோதும் அலை, நீரில் இறங்காதவரின் முக்காலியையும் நனைத்துவிடும். காற்றுக்காகப் பையைத் தொங்கவிடுவதானால் அதன் அடி நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். அந்தரத்தில் தொங்கும் பை ஊசலாடி, இல்லாத அசைவையும் உண்டாக்கும்.

சூரியன் மறைந்த பின் இங்கே இருட்டு விரைவாக விழுவதால், எல்லோரும் அவசரமாகக் காலை மடக்கிப் பையில் திணிக்கிறார்கள். மணலோடு மடக்குவதுதான் மிகப் பெரிய சேதம். ஒன்றரை லீற்றர் குடிநீர்ப் போத்தலொன்றைக் கொண்டுபோய், கால்கள் நீண்டிருக்கும்போதே மேலிருந்து கீழாக ஊற்றிக் கழுவிவிட்டுத் துணியால் துடைத்து மடக்குங்கள். வீட்டுக்கு வந்ததும், அன்றிரவே, குழாய்த் தண்ணீரில் முறையாகக் கழுவ வேண்டும். கடலோர வீட்டுக் கிணற்று நீர் சவராக இருந்தால் அது உதவாது. முதலில் மடித்த நிலையில் வெளிமணலைக் கழுவிவிட்டு, பிறகு பூட்டுகளைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கலந்த நீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு மரைகளைத் தேய்க்கலாம். அமுக்கத்தோடு பீய்ச்சும் குழாயைப் பாவித்தால் மணல் இன்னும் உள்ளே போகும். ஒரு காலை முடித்துப் பொருத்திய பிறகே அடுத்த காலைத் தொடுங்கள். மூன்றையும் ஒன்றாகப் பரப்பினால் எந்தத் தகடு எதற்குரியது என்ற குழப்பத்தில் முடியும். பாதங்களையும் கழற்றுங்கள். குழாய்க்குள் புகுந்த கடல்நீர் அங்கேதான் தேங்கி நிற்கும், மறுநாள் காரின் பின்பெட்டியில் வடியும். நிழலில் நீட்டி வைத்து முழுவதும் உலர்ந்த பிறகே மடக்க வேண்டும். முக்காலிப் பையையும் துவையுங்கள், உப்பேறிய துணிக்குள் கழுவிய முக்காலியை வைப்பதில் பயனில்லை.

உலர்ந்த மரைகளில் மட்டும் மெல்லிய பூச்சாகக் கிறீஸ் போதும். றப்பர் வளையம் உள்ளவற்றுக்கு சிலிக்கோன் கிறீஸும், மற்றவற்றுக்கு மீன்பிடிப் படகு எஞ்சின்களுக்குப் பூசும் நீர்புகாக் கிறீஸும் பொருந்தும். காலின் குழாயில் எதையும் பூச வேண்டாம், பூட்டு வழுக்கும். தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அது மணலைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெள்ளைப் படிவை எடுக்கத் தேசிக்காயும் வினாகிரியும் தேய்ப்பது மக்னீசிய வார்ப்பைக் கரைத்துவிடும், கம்பிப் பிரஷ் பாதுகாப்புப் பூச்சையே சுரண்டிவிடும்.

போல் ஹெட் என்று கேட்டு வாங்கும், உருண்டையொன்றில் கமராவை எப்பக்கமும் திருப்ப உதவும் தலைப்பகுதியை ஒருபோதும் நீரில் அமிழ்த்தாதீர்கள். ஈரத்துணியால் பலமுறை துடைத்து உலரவிடுங்கள். உருண்டைக்கு எண்ணெயோ கிறீஸோ போட்டால் அது கமராவின் பாரத்தைப் பிடிக்காது. கமராவின் அடியில் மாதக்கணக்காகக் கழற்றாமல் இருக்கும் தட்டும் கவனத்துக்குரியது. அதன் 1/4 அங்குலத் திருகாணி உப்பால் இறுகிவிட்டால், முக்காலியோடு கமராவையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

முழு முக்காலியும் கடலில் விழுந்துவிட்டால், துடைத்து வெயிலில் வைப்பதைவிட, தலைப்பகுதியைக் கழற்றிவிட்டுக் கால்களை நன்னீர் வாளியில் போட்டு அதே நிலையில் திருத்துமிடத்துக்குக் கொண்டுவருவது மேல். இறுகிய பூட்டைக் குழாய் ஸ்பேனரால் கடித்துத் திருக வேண்டாம். காபன் குழாயை வைஸ் என்ற பட்டறைப் பிடிகருவியில் இறுக்கிப் பிடித்தால் நெடுக்காக வெடிக்கும், அதன்பின் செய்வதற்கு ஒன்றுமில்லை. பாவித்த முக்காலி வாங்குகிறவர்கள் ஒவ்வொரு பூட்டையும் காதருகே வைத்துத் திருகிப் பாருங்கள்; கரகரப்புக் கேட்டால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உலோகமும் காபனும் சேரும் விளிம்பில் பூச்சு குமிழ்விட்டிருந்தால், விற்பவர் எவ்வளவு விலை குறைத்தாலும் அதை விட்டுவிடுங்கள். அந்த ஒட்டை மறுபடி ஒட்டித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தாலும், உள்ளே அரிபட்ட அலுமினியத்தை என்னால் திருப்பித் தர முடியாது.