பழைய துப்பாக்கிக்குப் பாஸ்பேட் பூச்சு: அமெரிக்கச் சட்டம் எதைக் கேட்கிறது?

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவ ரைஃபிள்களில் தெரியும் மங்கிய சாம்பல் நிறம் பாஸ்பேட் பூச்சினால் வருவது. அங்கே அதைப் பார்க்கரைசிங் என்பார்கள். தேய்ந்துபோன பூச்சை வீட்டிலேயே புதுப்பிக்க உரிமம் வேண்டுமா? சட்டப்படி வைத்திருக்கும் சொந்தத் துப்பாக்கி என்றால், மத்தியச் சட்டப்படி வேண்டாம். பூச்சு என்ன நிறம், மாங்கனீசா துத்தநாகமா என்றெல்லாம் சட்டம் பார்ப்பதில்லை. அது பார்ப்பது சீரியல் நம்பரை.

1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழி வந்த 922(கே) பிரிவின்படி, நம்பர் நீக்கப்பட்ட, அழிக்கப்பட்ட அல்லது மாற்றப்பட்ட துப்பாக்கியைத் தெரிந்தே வைத்திருப்பதே குற்றம். அழித்தது நீங்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. தண்டனை 5 ஆண்டு வரை சிறை. இறக்குமதியாளர் தனியாக ஒரு நம்பர் பொறித்திருந்தால் அதற்கும் இதே பாதுகாப்பு உண்டு. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதைத் தேய்த்து எடுத்துவிடக் கூடாது.

பூச்சு நம்பரை மூடிவிடுமோ என்றுதான் பலர் பயப்படுகிறார்கள். அது சில மைக்ரான் தடிமன்தான், எழுத்தை மறைக்காது. ஆபத்து அதற்கு முந்தைய வேலையில் இருக்கிறது. பாஸ்பேட் பிடிக்க உலோகம் சுத்தமாகவும் சற்றுச் சொரசொரப்பாகவும் இருக்க வேண்டும் என்பதால் மணல்வீச்சு, அதாவது மணலை வேகமாக அடித்துச் சுரண்டுவது, செய்வார்கள். துருக்குழி இருந்தால் அரத்தாலும் தேய்ப்பார்கள். 2002 ஜனவரி 30 முதல் தயாரிப்பாளர்களும் இறக்குமதியாளர்களும் நம்பரைக் குறைந்தது 0.003 அங்குல ஆழத்துக்குப் பொறிக்க வேண்டும். அதாவது சுமார் 0.076 மில்லிமீட்டர், ஒரு தாளின் தடிமன்கூட இல்லை. பழைய துப்பாக்கிகளுக்கு அந்த விதியும் கிடையாது. ஏற்கெனவே தேய்ந்த எழுத்து இன்னும் மேலோட்டமாகவே இருக்கும். எனவே அந்த இடத்தை டேப் ஒட்டி மறைத்துவிட்டு வேலை செய்வது நல்லது. வேலைக்கு முன்னும் பின்னும் நம்பரைத் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். மங்கிய எழுத்தை நாமே திரும்பக் குத்திச் சரிசெய்யலாம் என்று கிளம்புவது விபரீதம்; அதுவும் மாற்றம் என்றே எடுத்துக்கொள்ளப்படலாம். முதலில் ஏடிஎஃப் எனப்படும், துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க மத்தியத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

1968க்கு முன் எல்லாத் துப்பாக்கிக்கும் நம்பர் கட்டாயமாக இருக்கவில்லை. சாதாரண .22 ரைஃபிள்கள் பலவற்றில் இருக்கவே இருக்காது. தயாரிக்கும்போதே நம்பர் இல்லையென்றால் அது தப்பில்லை.

வேலையை வெளியே கொடுப்பதானால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சட்டத்தின் கண்ணில் ரைஃபிளின் ரிசீவர்தான், அதாவது மற்றப் பாகங்கள் பொருத்தப்படும் நடு உடல்தான், துப்பாக்கி. சாதாரண ரைஃபிளின் பேரல், போல்ட், ட்ரிகர் கார்டு எல்லாம் வெறும் பாகங்கள். பாகங்களை மட்டும் அனுப்பினால் உரிமம் போன்ற நடைமுறைகள் பெரும்பாலும் குறுக்கே வராது. ரிசீவரோடு அனுப்பினால் வேலை செய்பவர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். மற்றவர்களின் துப்பாக்கிகளுக்குப் பூச்சுப் புதுப்பிப்பதைத் தொழிலாகச் செய்பவரை ஏடிஎஃப் பழுதுபார்ப்பவராக, அதாவது டீலராகவே கணக்கிடுகிறது. அதற்கான 01 வகை உரிமத்துக்கு முதல் மூன்றாண்டுக்கு 200 டாலர், புதுப்பிக்க 90 டாலர். சேகரிப்பாளருக்கான 03 வகை உரிமம் 30 டாலர்தான், ஆனால் அதை வைத்துக்கொண்டு காசு வாங்கித் தொழில் செய்ய முடியாது. எப்போதாவது ஒரு ரிப்பேர் செய்பவரைச் சட்டம் தொழில் செய்பவராகக் கருதாது. இந்த 'எப்போதாவது' எத்தனை என்று சட்டம் சொல்லவில்லை என்பதால், வாடிக்கையாளர் வரிசை கட்டத் தொடங்கிவிட்டால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

நல்ல செய்தியும் உண்டு. வேறு மாநிலத்தில் உள்ள உரிமதாரருக்கு நீங்களே நேரடியாக அனுப்பலாம், வேலை முடிந்ததும் அவர் உங்களுக்கே திருப்பி அனுப்பலாம். உங்கள் பொருள் உங்களிடமே திரும்பி வருவதால் விற்பனையின்போது நிரப்பும் 4473 படிவம் இதற்குத் தேவையில்லை. ஆனால் உங்கள் நண்பர் பெயருக்கு அனுப்பச் சொன்னால் கதை வேறு.

1898இலோ அதற்கு முன்போ தயாரானவை மத்தியச் சட்டத்தில் தொன்மைப் பொருள். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை அவற்றுக்குப் பொருந்தாது. மாநிலச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம், அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.